தித்தன் கண்டானா?



சில வாரங்களுக்கு முன்பு தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பில் பழமொழிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்பது அன்றைய பழமொழி. தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாதவனைக் கேலி செய்வது அது. அதை ஒரு மற்போர்க் களத்துக் காட்சியாக விளக்குவது என் வழக்கம். அன்றும் அவ்வாறே விளக்கி முடித்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

"சார், ஜியு ஜிட்சுவில் கீழே விழுந்தால் தோல்வி இல்லை சார். அதுவும் தமிழர் கலைதானாமே? போதிதர்மர் கொண்டுபோனார் என்று மாமா சொன்னார்."

இரண்டுக்குமே என்னிடம் உடனடி விடை இல்லை. "நாளை சொல்கிறேன்" என்றேன். அந்த நாளை மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. மாணவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இதில் எனக்குச் சொந்தக் கதை ஒன்றும் உண்டு. உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகன் ஓராண்டாகப் பிரேசிலிய ஜியு ஜிட்சு பயின்று வருகிறான். மாதக் கட்டணம் கட்டினேன். தோ பாயோ ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். ஆனால் உள்ளே சென்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. காரணம், மற்போர் என்றாலே எனக்கு என் தந்தையார் சொன்ன கதைகள்தாம் நினைவுக்கு வரும். அக்காலச் சிங்கப்பூரில் நியூ வோர்ல்டு, கிரேட் வோர்ல்டு, ஹேப்பி வோர்ல்டு என மூன்று கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. அங்கே கிங்காங்கும் தாராசிங்கும் மோதினால் கூட்டம் அலைமோதுமாம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆகவே எனக்கு மற்போர் என்பது ஒன்று வேடிக்கை, அல்லது வம்பு. படிக்கிற பிள்ளைக்கு அது எதற்கு என்பதே என் எண்ணமாக இருந்தது.

மல்லாந்தவன் தோற்றவனா?

மாணவனின் முதல் செய்தியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுக் குஸ்தியில் எதிராளியின் முதுகை மண்ணில் படவைத்தால் ஆட்டம் முடிந்தது. ஆகவே குஸ்தி வீரன் விழ நேர்ந்தாலும் குப்புறவே விழப் பார்ப்பான். மீசையில் மண் ஒட்டினாலும் ஒட்டலாம், முதுகில் ஒட்டக் கூடாது.

இதற்கு வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் நம் காமா பயில்வானும் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவும் மோதினர். காமாவின் வேகத்தைக் கண்ட ஸ்பிஸ்கோ, தொடங்கிய சிறிது நேரத்திலேயே தரையோடு தரையாகப் படிந்துகொண்டார். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் காமா புரட்டிப் பார்த்தும் அவர் முதுகை மண்ணில் படவைக்க முடியவில்லை. முடிவின்றிப் போட்டி நின்றது. ஒரு வாரம் கழித்து நடக்கவிருந்த மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவேயில்லை. பிறகு 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றுவிட்டார்.

ஜியு ஜிட்சுவில் இவ்விதி தலைகீழ். முதுகு தரையில் படுவது ஆட்டத்தின் முடிவன்று. பல வேளைகளில் அதுவே தொடக்கம். இதை என் மகனிடம்தான் கற்றுக்கொண்டேன். வீட்டு வரவேற்பறையில் பாயை விரித்து, என்னை மேலே மண்டியிடச் சொல்லிவிட்டு, அவன் மல்லாந்து படுத்துக்கொண்டு பாடம் நடத்தினான். நாற்பதைக் கடந்த ஆசிரியனுக்கு மாணவனாக இருப்பது அவ்வளவு எளிதன்று.

கீழே கிடப்பவன் தன் இரு கால்களையும் தனக்கும் எதிராளிக்கும் நடுவே வேலிபோல் வைத்துக்கொள்கிறான். இந்நிலைக்குக் 'கார்டு' என்று பெயர். எதிராளியின் இடுப்பைக் கால்களால் வளைத்துக் கணுக்கால்களைப் பின்னிப் பூட்டினால் அது மூடிய கார்டு. பூட்டைத் திறந்து, பாதங்களை எதிராளியின் இடுப்பிலோ தொடையிலோ மேற்கையிலோ ஊன்றிக்கொண்டு, அவனுடைய சட்டைக் கையைப் பற்றினால் அது திறந்த கார்டு. இதில் வகைகள் பல. எதிராளியின் முன்காலை வெளிப்புறமாகச் சுற்றிப் பாதத்தைக் கொக்கிபோல் மாட்டும் வகை ஒன்று. 1980களில் ரியோ டி ஜெனிரோவில் அதைப் புகழ்பெறச் செய்தவர் ரிக்கார்டோ டி லா ரிவா. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

கீழிருப்பவனுக்கு வேலைகள் மூன்று. முதலாவது, மேலிருப்பவன் கால்வேலியைக் கடந்து மார்புப் பக்கம் வந்துவிடாமல் தடுப்பது. அவன் வலப்புறம் சுற்றினால் இடுப்பை நகர்த்தி முழங்காலை மீண்டும் நடுவே நுழைக்க வேண்டும். தரையில் இறால் துள்ளுவதுபோல் இடுப்பைப் பின்னுக்கு இழுக்கும் அசைவையே புதிய மாணவருக்கு முதலில் கற்பிக்கிறார்கள். இரண்டாவது, புரட்டுவது. எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறானோ அந்தப் பக்கத்துக் கையையும் காலையும் ஊன்றவிடாமல் பிடித்துக்கொண்டால், அவன் எடையே அவனைக் கவிழ்த்துவிடும். மூன்றாவது, பணிய வைப்பது. கால்களை முக்கோணமாகப் பின்னிக் கழுத்தை நெருக்கலாம். முழங்கையை நீட்டி மடக்கவொட்டாமல் பூட்டலாம். பிடிபட்டவன் கையால் இருமுறை தட்டினால் அந்தக் கணமே பிடியை விட்டுவிட வேண்டும்.

போட்டியில் புரட்டினால் 2 புள்ளி. மேலிருப்பவன் கார்டைக் கடந்து நிலைகொண்டால் 3 புள்ளி. எதிராளியின் மீது ஏறி அமர்ந்தால் 4 புள்ளி. பணிய வைத்தாலோ புள்ளிக் கணக்கே இல்லை, ஆட்டம் முடிந்துவிடும்.

ஓர் ஆசிரியர் தொடங்கிய பயணம்

இக்கலை எங்கிருந்து வந்தது? ஜப்பானியப் போர்வீரர்களின் பழைய ஜுஜுட்சு முறைகளைக் கற்ற கானோ ஜிகோரோ, 1882இல் டோக்கியோவில் கொடோகன் பள்ளியைத் தொடங்கி, அவற்றை ஜூடோவாகச் சீரமைத்தார். நம் துறையினர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கானோ அடிப்படையில் ஒரு கல்வியாளர். டோக்கியோவின் உயர்நிலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பல்லாண்டுகள் தலைவராக இருந்தவர். ஆபத்தான பிடிகளை நீக்கியும் தட்டினால் விடுவது போன்ற ஒழுங்குகளை வலியுறுத்தியும், மாணவர் அன்றாடம் பழகக்கூடிய பயிற்சியாகச் சண்டைக் கலையை மாற்றியதில் ஓர் ஆசிரியரின் கையைக் காண்கிறேன்.

கொடோகனில் பயின்ற மயேடா மிட்சுயோ 1904இல் ஜப்பானை விட்டுப் புறப்பட்டார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலருடன் மோதிவிட்டு 1914இல் பிரேசிலை அடைந்தார். பெலெம் நகரில் அவரிடம் பயின்றவர் கார்லோஸ் கிரேசி. கார்லோசின் தம்பி ஹெலியோ ஒல்லியான உடல்வாகு கொண்டவர். வலிமையைவிட நெம்புகோல் முறைக்கும் தரைச்சண்டைக்கும் முதன்மை கொடுத்து அக்குடும்பத்தார் இக்கலையை வளர்த்தனர். வேறு ஆசிரியர்களும் பிரேசிலில் தத்தம் வழியில் வளர்த்தனர். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில், ஹெலியோவின் மகன் ராய்ஸ் தம்மைவிடப் பெரிய உடல்கொண்டோரையும் பணியவைத்து வென்றபோது உலகம் திரும்பிப் பார்த்தது.

நம் பழமொழியோடு சேர்த்து நினைக்கத்தக்க நிகழ்ச்சி 1951இல் நடந்தது. ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானின் கிமுரா மசாஹிகோவும் ஹெலியோ கிரேசியும் மோதினர். கிமுரா ஹெலியோவின் கையை முதுகுப்புறமாக முறுக்கிப் பூட்டினார். ஹெலியோ தட்டவில்லை. எலும்பு முறிந்தது. அப்போதும் தட்டவில்லை. கடைசியில் அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசிப் போட்டியை நிறுத்தினார். அந்தப் பிடிக்கு இன்று 'கிமுரா' என்றே பெயர். தோற்கடித்தவர் பெயரைத் தம் பாடத்திலேயே சூட்டிக்கொண்டார்கள். ஹெலியோவின் பிடிவாதத்தை வீரம் என்று பலர் போற்றுவர். பெற்றோராகிய நான், அந்தப் பெயர்சூட்டலையே பெரிதாக நினைக்கிறேன்.

நம் வட்டாரத்திலும் இக்கலை வேரூன்றிவிட்டது. 2018 ஜகார்த்தா–பலெம்பாங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜியு ஜிட்சு முதன்முறையாக இடம்பெற்றது. அதில் சிங்கப்பூரின் கான்ஸ்டன்ஸ் லியன் பெண்கள் 62 கிலோ பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு பிலிப்பீன்சில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றார்.

போதிதர்மர் கொண்டுபோனாரா?

இனி மாணவனின் இரண்டாம் கேள்வி. 2011இல் வெளிவந்த '7ஆம் அறிவு' திரைப்படத்துக்குப் பிறகு, கிழக்காசியச் சண்டைக் கலைகள் யாவும் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் தந்தவை என்ற பேச்சு நம் வீடுகளில் பரவியது. கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் சான்றுகள் அவ்வாறு சொல்லவில்லை. போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல்களில் ஒன்று, 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது, அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. வேறு பழங்குறிப்பு தென்னிந்திய மன்னன் ஒருவனின் மகன் என்கிறது. இரண்டிலும் சண்டைப் பயிற்சி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் 'யிஜின் ஜிங்' என்னும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதாவது அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டது. ஜப்பானிய ஜுஜுட்சுவோ அந்நாட்டுப் போர்வீரர்களின் தேவையில் வளர்ந்தது.

ஆகவே மாணவனிடம், "இல்லை, இது தமிழர் கலை அன்று" என்றுதான் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. ஆசிரியர்களே, இத்தகைய இடத்தில்தான் நாம் தடுமாறுகிறோம். பிள்ளைக்குத் தமிழ்மீது பற்று வரட்டுமே என்று ஒரு பொய்யை விட்டுவைக்கிறோம். அவன் உயர்நிலைக்குப் போய் உண்மையை வேறொரு மொழியில் படித்தறியும்போது, நாம் சொன்ன மற்றவற்றையும் சேர்த்தே ஐயுறுவான். நம்மிடம் உண்மையான செல்வம் இல்லையென்றாலும் பரவாயில்லை. இருக்கிறதே!

ஆமூர்க் களம்

உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் ஒரே ஒருவனைப் பற்றியவை. அவன் பெயர் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. போரவை என்பதற்குப் போர்ப்பயிற்சி நடைபெறும் அவை எனப் பொருள் கொள்வர். முதல் மூன்றைப் பாடியவர் சாத்தந்தையார். அடுத்த மூன்றைப் பாடியவர் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர்.

80ஆம் பாடலில் கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு மற்போர் புரிகிறான். புலவர் அவனுடைய தோளைப் பாடவில்லை, கையைப் பாடவில்லை. கால்களைப் பாடுகிறார். ஒருகால் மல்லனின் மார்பில் அழுந்தியிருக்கிறது. அதை மண்டியிட்ட கால் என்று விளக்குகிறார் பழைய உரைகாரர். மற்றொரு கால், மல்லன் செய்யவரும் உபாயத்தைத் தடுத்து அவன் முதுகுப்புறமாக வளைகிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல், தலையும் காலுமாகிய இருமுனையும் முறியும்படி மோதி வெல்கிறான் கிள்ளி.

இதைப் பொருள்கூறி மகனிடம் சொன்னேன். அவன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். "மார்பில் முட்டி வைத்தால் இப்போதும் புள்ளி உண்டு அப்பா. அது கார்டைக் கடந்த பிறகு வரும் நிலை. ஆனால் கீழே இருப்பவன் சும்மா இருக்க மாட்டான், காலைப் பிடித்துச் சிக்கவைப்பான். அதனால்தான் இன்னொரு கால் அதைத் தடுக்கிறது" என்றான். யானை உவமையைச் சொன்னதும், "எங்கள் பயிற்றுநரும் அதைத்தான் சொல்வார். தோளை மட்டும் அழுத்தினால் இடுப்பு தப்பிவிடும், இடுப்பை மட்டும் அழுத்தினால் தோள் தப்பிவிடும், இரண்டையும் அழுத்து என்பார்" என்றான்.

தேசியக் கல்விக் கழகத்தில் படித்த நாளிலிருந்து அப்பாடலை அறிவேன். அருஞ்சொற்பொருளும் அறிவேன். ஆனால் அந்தக் கால்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை அன்றுதான் கண்டேன். பழந்தமிழில் 'கடத்தல்' என்னும் சொல்லுக்கு வெல்லுதல் என்றும் பொருளுண்டு. கார்டைக் கடத்தலே வெற்றிக்கு வழி என்னும் ஆட்டத்துக்கு அச்சொல் எவ்வளவு பொருந்துகிறது! இதனால் ஜியு ஜிட்சு ஆமூரில் பிறந்தது என்று ஆகிவிடாது. மனித உடலுக்குக் கால்கள் இரண்டே. தரையில் கட்டிப் புரள்வோர் எந்த நாட்டிலும் எக்காலத்திலும் ஒரே சிக்கலைத்தான் அவிழ்த்தாக வேண்டும். அந்தச் சிக்கலை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப் புலவர் உற்றுப் பார்த்து எழுதியிருக்கிறார். நம் பெருமைக்கு அது போதும்.

82ஆம் பாடலும் இத்தகையதே. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பிள்ளைப்பேறு, வெளியே மழை, பொழுதோ சாய்கிறது. அவ்வேளையில் கட்டில் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரையுமோ, அதனினும் விரைவாம் கிள்ளியின் போர். வேகத்துக்குக் குதிரையையோ மின்னலையோ தேடாமல், வீடு திரும்பத் துடிக்கும் ஓர் உழைப்பாளியின் விரல்களைக் காட்டுகிறார் சாத்தந்தையார். நக்கண்ணையாரின் 85ஆம் பாடலில், வெற்றி கிள்ளிக்கே என்று ஒரு சாராரும் இல்லை என்று ஒரு சாராரும் சொல்ல, அவள் ஓடிவந்து பனைமரத்தடியில் நின்று தானே பார்க்கிறாள்.

தந்தை பார்க்க வேண்டும்

இப்பாடலில் என்னை உறங்கவிடாதது மல்லனும் அல்லன், யானையும் அன்று. அது தித்தனின் பெயர். உறையூர்ச் சோழனான தித்தன் கிள்ளியின் தந்தை என்றும், இருவருக்கும் பகை என்றும், மகன் தந்தையைப் பிரிந்து வறுமையில் வாழ்ந்தான் என்றும் உரையாசிரியர்கள் கூறுவர். அவன் புற்கை, அதாவது கஞ்சி உண்டு வாழ்வதை நக்கண்ணையாரும் குறிப்பிடுகிறார். மகன் வெல்லும் அந்தக் கணத்தில் சாத்தந்தையார் சொல்வது இதுதான்: இதைக் கண்டு தித்தன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, அவன் இதைக் காணவேண்டும்.

பாராட்டச் சொல்லவில்லை. பகையை விடச் சொல்லவும் இல்லை. பார்த்தால் போதும் என்கிறார். தித்தன் கண்டானா என்பதைப் பாடல் சொல்லாமலே முடிகிறது.

அடுத்த சனிக்கிழமை மகனோடு ரயிலேறிப் பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். சுவரோரம் பெற்றோருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் அமர்ந்தேன். அவனைவிடத் தடித்த சிறுவன் ஒருவன் அவன்மேல் கவிழ்ந்திருந்தான். என் மகன் மல்லாந்து கிடந்தான். முதல் நிமிடத்தில் எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது உண்மை. பிறகு அவன் பாதங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அவை ஓயவேயில்லை. இடுப்பிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்தான். தொடையிலிருந்து நழுவியதும் முழங்காலை நுழைத்தான். ஒருமுறை எதிராளியைப் புரட்டியும் விட்டான். பின்னர் கழுத்து சிக்கியது. தட்டினான். இருவரும் கையைக் குலுக்கிக்கொண்டு மீண்டும் தொடங்கினார்கள். அன்று அவன் மூன்று முறை தட்டினான். ஒருமுறைகூட மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லவில்லை.

வீடு திரும்பும் வழியில் அவன் கேட்டான்: "அப்பா, அந்தப் பையனைப் புரட்டினேனே, பார்த்தீர்களா?"

"பார்த்தேன்" என்றேன். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை. அவனும் வேறெதுவும் கேட்கவில்லை.

வகுப்பில் அந்த மாணவனுக்கு ஆமூர்க் கதையைச் சொன்னபோது வாடிய முகம் மீண்டும் மலர்ந்தது. "யானை மூங்கில் தின்கிறதை வரையட்டுமா சார்?" என்று கேட்டான். அந்தப் படம் இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. பழமொழிப் பாடத்தோடு இப்பாடலின் கதையையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள் என்று ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் அதைவிடச் சிறியது. உங்கள் பிள்ளை விரும்பிச் செய்யும் ஏதோ ஒன்று உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஒருநாள் சென்று பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் இதுபோன்ற அனுபவங்கள் நேர்ந்திருந்தால் எழுதுங்கள். மீண்டும் ஒரு பதிவில் சந்திப்போம்.